ரெஜிஸிடம் கோஷம் வேண்டாம் என்றார்கள்

ரெஜிஸுக்குச் சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பாலக்கரையில் வாடகை வீடு, ஒரு பழைய மொபெட், ஒரு தொண்டை. அந்தத் தொண்டையை அவன் பார்த்துக்கொண்ட மாதிரி யாரும் பிள்ளையைக்கூடப் பார்த்துக்கொள்ளமாட்டார்கள். காலையில் எழுந்ததும் சுடுதண்ணீரில் கல்லுப்பு போட்டுக் கொப்பளிப்பான். சித்தரத்தைத் துண்டு ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வான். சித்திரை வெயிலில்கூட ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டான்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி ஏறிய குரல். பட்டறையில் போனஸ் இல்லை என்று சொன்ன வருஷம் கேட்டுக்கு வெளியே நின்று முதல் கோஷம் போட்டான். நான் ரோட்டின் அந்தப் பக்கம் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொடுக்கிற கை அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு திருச்சியில் எந்த ஊர்வலம் என்றாலும் முதலில் போலீஸ் அனுமதி, அடுத்து ரெஜிஸ். பஸ் கட்டணம், கரண்ட் கட்டணம், ரேஷன் அரிசி, எதற்கும் வருவான். காசு வாங்கமாட்டான். டீ வாங்கிக்கொடுத்தால் குடிப்பான்.

கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு பின்பக்கமாகவே நடப்பான். வலது கையைத் தூக்குவான். சளசளப்பு அடங்கும். அடங்கிய பிறகும் கொஞ்சம் காக்கவைப்பான். அப்புறம்தான் முதல் பாதியை விடுவான். மறுபாதி ஆயிரம் பேரிடமிருந்து வரும். அப்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"ரோட்டுலதான் இந்த வாய். வீட்டுல குழம்புல உப்பு இல்லேன்னாக்கூட சொல்லமாட்டாரு. தின்னுட்டு எந்திரிச்சிருவாரு" என்பாள் அவன் மனைவி அக்னஸ்.

நான் என் காலத்தில் 'மாபெரும் அமைதிப் பேரணி' என்று எத்தனையோ நோட்டீஸ் அடித்திருக்கிறேன். அச்சில் அமைதி சுலபம். அரசாங்கத்தை எதிர்த்து ஆயிரம் பேர் வெயிலில் நின்றால் அதில் எவனோ ஒருவன் கையில் கல் இருக்கும். அந்தக் கல் எப்போது வரும் என்று எதிர்ப்பக்கம் லத்தியோடு காத்திருக்கும். பஸ் கட்டண ஊர்வலத்தில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பஸ்ஸின் கண்ணாடி போனது. யார் எறிந்தது என்று விசாரித்தால் எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: "கூட்டம் எறிஞ்சுது." கூட்டத்தைப் பிடித்து ஜெயிலில் போட முடியாது. அதனால் இரண்டு பேரைப் போட்டார்கள். இரண்டு பேருமே எறியாதவர்கள். பஸ் கட்டணம் ஏறியது ஏறியதுதான்.

இந்த ஊரில் அமைதியாக ஒரு போராட்டம் நடக்கும் என்று யாராவது சொன்னால் நானும் ரெஜிஸும் டீக்கடையில் சிரிப்போம். அந்தச் சிரிப்பைத்தான் பூமா கெடுத்துவிட்டார்.

கொள்ளிடத்தில் புதிதாக மணல் குவாரி திறக்க அரசாங்கம் உத்தரவு போட்டது. ஸ்ரீரங்கத்தின் பின்பக்கம் ஆற்றுக்கு இறங்கும் மண் ரோட்டில் லாரிகள் போகும். மணலை அள்ளினால் இந்தக் கரையில் வீட்டுக் கிணறு வற்றும், அந்தக் கரையில் மண்ணச்சநல்லூர் வயல் காயும். இரண்டு கரைக்காரர்களும் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். நகரத்திலிருந்து எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். ரெஜிஸ் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டு வந்தான். வழக்கப்படி அவனிடம்தான் கேட்பார்கள் என்று முன்வரிசையில் உட்கார்ந்தான்.

மேடையில் பூமா எழுந்தார். கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவர். சித்திரை வீதியில் வீடு, கோயில் கைங்கரியக் குடும்பம். குரல் சன்னம். மைக்கை உதட்டில் ஒட்டவைத்தாலும் மூன்றாவது வரிசையைத் தாண்டாது.

"கோஷம் வேண்டாம்னு எனக்குத் தோண்றது" என்றார். "ரோட்டோரமா உக்காருவோம். மணிக்கு ஒரு தரம் ஒவ்வொரு தெருக்காராளும் அவாவா ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டவா எழுந்து 'இருக்கேன்'னு சொல்லணும். அவ்ளோதான்."

ரெஜிஸ் உட்கார்ந்தபடியே குரல் விட்டான். அவனுக்கு மைக் தேவையில்லை. "என்னங்க டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுக்க இது ஸ்கூலா?"

மண்டபம் சிரித்தது. பூமாவும் சிரித்தார். "ஸ்கூல் இல்லை ரெஜிஸ். எங்க பெருமாள் சந்நிதியில தீர்த்தம் குடுக்கறச்சே 'அருளப்பாடு'ன்னு சொல்லி ஒவ்வொருத்தராக் கூப்பிடுவா. அவா 'நாயிந்தே'ன்னு பதில் சொல்லிண்டு முன்னாடி வருவா. எத்தனை கூட்டமானாலும் அந்த நேரத்துல யாரும் முண்டியடிக்கமாட்டா. நம்ம பேர் வரப்போறதேன்னு காதைக் குடுத்துண்டு நிப்பா."

"அந்தச் சந்நிதியில எங்க பேரை என்னிக்குக் கூப்பிட்டீங்க?"

நல்ல அடி. நானே தொடையில் தட்டிக்கொண்டேன். பூமா மைக்கை இன்னும் கிட்டே இழுத்தார்.

"கூப்பிடலை. அதனாலதான் இங்க கூப்பிடலாம்கறேன்."

கைதட்டல் அடங்க நேரமானது. கேள்வி ரெஜிஸுடையது, கைதட்டல் அந்தம்மாவுக்கு. அன்றைக்கு அவன் நெஞ்சில் பிடித்த நெருப்பு பிறகு அணையவே இல்லை. மண்டப வாசலில் செருப்பைத் தேடும்போது சொன்னான்: "மாலைய நான் எடுத்துக் குடுத்தேன், அவங்க போட்டுக்கிட்டாங்க. பாத்தீங்கல்ல தோழர்?"

அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்தார்கள். பந்தல் ஓரத்தில் மோர் டிரம். வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கவேண்டும். கொடுத்தது பூமா. "நீங்க உயரம். ஸ்டூல்ல ஏறி நின்னா கடைசி வரைக்கும் யாருக்கு வேணும்னு தெரியும்" என்றார். உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னார். அது அவனுக்கு இன்னும் எரிந்தது.

போலீஸ் அதிகாரி ஒருவர் வந்து மரியாதையாகப் பேசினார். மேலதிகாரிகள் வந்து கிணறுகளைப் பார்க்கும்வரை குவாரி திறக்காது. அதுவரை உட்காரலாம். "ஆனா அம்மா, ஒரே ஒரு கல்லு விழுந்தாலும் அனுமதி ரத்து. அன்னிக்கே பந்தலைப் பிரிச்சிருவோம். மறுநாள் லாரி இறங்கிரும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

ஆக, கொள்ளிடம் ஒரு கல்லில் தொங்கியது.

உட்கார்ந்தார்கள். நாள் ஏற ஏறக் கூட்டம் பெருகியது. மணிக்கு ஒரு தரம் தெருத் தெருவாகப் பேர் கூப்பிடுவார்கள். மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் பெண்களை வஹீதா கூப்பிடுவாள். அவள் நெல் அவிக்கிற வேலைக்காரி. யாராவது பதில் சொல்லாவிட்டால், "எங்கடி போனா அவ? தேடுங்க. புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருப்பா, பாரு" என்பாள். கடைசியில் அந்தப் பெண் மரத்தடியிலிருந்து "இருக்கேன்க்கா!" என்று ஓடிவருவாள். எல்லோரும் சிரிப்பார்கள். வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். தன் பேரை ரோட்டில் நாலு பேர் முன்னால் இன்னொருவர் கூப்பிட்டுக் கேட்பதற்காகவே சிலர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ரெஜிஸ் ஸ்டூலில் ஏறி எல்லாவற்றையும் பார்த்தான். டிவிக்காரர்கள் பூமாவிடம் போனார்கள். காலேஜ் பெண்கள் பூமாவோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். பூமா குடையை மடக்கினால் வாங்கிக்கொள்ள நாலு கை நீண்டது. இவனிடம் நீண்ட கையிலெல்லாம் டம்ளர் இருந்தது.

"என்னண்ணே, பேட்டரி தீந்துருச்சா? சத்தத்தையே காணோம்" என்று வஹீதா வேறு சீண்டினாள்.

"மோர் வேணுமா வேணாமா?"

"குடுங்க. கோஷம் புளிச்சுப் போயி மோராயிருச்சுன்னு நெனச்சுக் குடிக்கிறேன்."

"அந்த டீச்சரம்மா மூச்சு விட்டாலும் கை தட்டுறீங்க. நான் இருமினாக்கூட சிரிக்கிறீங்க."

"இருமுங்களேன், பாப்போம்."

இதையாவது பொறுத்துக்கொண்டான். வீட்டில் நடந்ததைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. அக்னஸும் தினமும் வந்து பூமாவோடு முன்வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். பாலக்கரைக்காரர்களைக் கூப்பிட ஆளில்லாததால் பூமாவே கூப்பிட்டார். ஒரு நாள் சாப்பாடு போடும்போது அக்னஸ் சொன்னாளாம், "அந்தம்மா என் பேரை எவ்வளவு அழகாச் சொல்றாங்க தெரியுமா?"

"பேரு வெச்சது கூப்பிடத்தான். அதுல என்ன அழகு?"

"நீங்க கூப்பிட்டு எவ்வளவு வருஷமாச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. 'இந்தா', 'இங்க பாரு', 'எங்க போன'. கல்யாணத்துல சாமியார் கேட்டப்ப ஒருக்கா சொன்னீங்க. அப்புறம் ரேஷன் கார்டுல எழுதினீங்க. அவ்வளவுதான்."

சோற்றைப் பிசைந்த கையோடு எழுந்துவிட்டான். மறுநாள் என்னிடம் அதைச் சொன்னபோது அவன் குரலே கம்மிப்போயிருந்தது. "ஊரைத்தான் புடுங்கிக்கிட்டாங்கன்னு பாத்தேன் தோழர். வீட்டுக்குள்ளயும் வந்துட்டாங்க."

அன்று சாயங்காலம் அரியமங்கலம் டீக்கடையில் டோமினிக்கும் இருந்தான். ரெஜிஸின் பக்கத்து மெஷின்காரன், அவனோடு ராத்திரி ஷிப்ட் முடித்துப் பந்தலுக்கு வருகிறவன். ரெண்டு பெண் குழந்தைக்குத் தகப்பன், கோபக்காரன், ரெஜிஸ் சொன்னால் கிணற்றில் குதிப்பான். ரெஜிஸ் டீயைக் கீழே வைத்தான்.

"நாளைக்கு ஒரு கோஷம் போடப்போறேன். ஒண்ணே ஒண்ணு. அப்ப தெரியும் இது யாரு கூட்டம்னு."

"போட்டா கல்லு வரும்" என்றேன்.

"வரட்டுமே. வந்தாத்தான் தெரியும், பேர் கூப்பிட்டு அரசாங்கத்தை நிறுத்த முடியுமான்னு."

"வந்தா குவாரி திறந்துரும்யா."

"இவங்க மட்டும் உக்காந்தா திறக்காதா? இத்தனை வருஷம் நாம கத்தினதுக்கு அசையாதவன், 'இருக்கேன் இருக்கேன்'னா எந்திரிச்சுப் போயிருவானா?"

இந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. டோமினிக்தான் கேட்டான், "எப்பண்ணே போடுவீங்க?"

"கைய தூக்குவேன். பாத்துக்க."

மறுநாள் அவன் காத்திருக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. பதினோரு மணி வெயிலில் ஒரு லாரி வந்தது. அதில் இரும்புக் கம்பியும் தகரமும் இருந்தன. பின்னால் போலீஸ் ஜீப். குவாரி திறக்கவில்லை, ஷெட் மட்டும்தான் போடுகிறோம் என்றார்கள். அதிகாரிகள் வருவதற்குள் ஷெட் எதற்கு? ஒரு கல்லுக்காகத்தான் லாரி வந்தது என்று எனக்குத் தோன்றியது. இந்த விளையாட்டை நான் பார்த்திருக்கிறேன்.

முன்வரிசைக்காரர்கள் எழுந்து ரோட்டை மறித்து உட்கார்ந்தார்கள். பூமா, வஹீதா, அக்னஸ், வயல்காரர்கள். லாரி அவர்களுக்கு மிக அருகில் வந்து நின்று ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. பின்னாலிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்துவிட்டது. பூமா பேர் கூப்பிடுவது தெரிந்தது, வாய் அசைந்தது. ஹாரனில் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆட்கள் மறைந்து கூட்டம் ஆகிற அந்த நொடி எனக்குத் தெரியும். முகங்களெல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

ரெஜிஸ் ஸ்டூலில் ஏறினான். வலது கையைத் தூக்கினான்.

பழகிய கை. திருச்சியில் அந்தக் கையை அறியாதவர் குறைவு. ஒரு முகம், பத்து முகம், கடைசியில் எல்லா முகமும் அவனைப் பார்த்துத் திரும்பின. லாரி டிரைவர்கூட என்ன என்று எட்டிப் பார்த்தான். ஹாரனிலிருந்து கை எடுபட்டது. அத்தனை நாள் மோர் ஊற்றிய மனுஷனுக்கு அவன் கேட்டது கிடைத்துவிட்டது. மொத்தக் கூட்டமும் அவன் வாயைப் பார்த்தது. அவன் வழக்கம்போலக் கொஞ்சம் காக்கவைத்தான்.

அப்போதுதான் டோமினிக்கைப் பார்த்தான். ரோட்டோரம், லாரிக்கு நேர் எதிரே, உள்ளங்கை கொள்ளாத கருங்கல்லோடு. கண் லாரியில் இல்லை, ரெஜிஸின் கையில் இருந்தது. கோஷம் விழுந்ததும் எறிவதற்கு. டோமினிக்குக்கும் லாரிக்கும் நடுவே தரையில் அக்னஸ் உட்கார்ந்திருந்தாள். கல் அவள் தலைக்கு மேலேதான் போகவேண்டும். போன பிறகு ஜீப்பிலிருந்து இறங்குகிறவர்களும் முதலில் அவள்மேல்தான் வருவார்கள்.

கோஷம் தொண்டைவரை வந்துவிட்டது. அது எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"டோமினிக்!"

அந்தக் குரலை நான் கோஷத்தில்கூடக் கேட்டதில்லை. டோமினிக் திடுக்கிட்டான். அத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அவன் நினைக்கும் முன்னே பதில் சொல்லிவிட்டது.

"இருக்கேண்ணே!"

கூட்டம் அவன் பக்கம் திரும்பியது. அவன் நிமிர்ந்து நின்றான், தூக்கிய கையில் கல்லோடு.

"கையில என்னடா?"

"கல்லுண்ணே."

"எதுக்கு?"

டோமினிக் கல்லைப் பார்த்தான். "நீங்கதானே..." என்று ஆரம்பித்தான்.

"கீழ போடுடா. காலுல போட்டுக்காத."

எங்கோ ஒரு பெண் சிரித்தாள். இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். டோமினிக் குனிந்து, முட்டையை வைப்பது மாதிரி கல்லைத் தரையில் வைத்தான். சிரிப்பு பரவியது. ஆனாலும் யாரும் உட்காரவில்லை. லாரி மறுபடியும் உறுமியது. ரெஜிஸ் அடுத்த பேரைக் கூப்பிடவேண்டும். கூப்பிடப் பேர் வாயில் வரவில்லை. இத்தனை வருஷம் அவனுக்குப் பின்பாட்டுப் பாடிய கூட்டத்தில் அவன் பேர் சொல்லிக் கூப்பிட்ட ஆள் இல்லை. ஸ்டூலில் நின்று தவித்தான். பிறகு வாயில் வந்த ஒரு பேரைக் கூப்பிட்டான்.

"அக்னஸ்!"

அவள் உடனே எழவில்லை. திரும்பிப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தாள்.

"இருக்கேன்."

"கேக்கல!"

"இருக்கேங்க!"

பூமாவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் ஒரு பேரைச் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். பேர் கை மாறி மாறி ஸ்டூலுக்கு வந்தது. ரெஜிஸ் அதை வாங்கி ஆற்றுக்கு அக்கரைவரை கேட்கிற மாதிரி விட்டான். "வஹீதா!" "இருக்கேன், பேட்டரி மாத்திட்டீங்களாண்ணே!" "ரஞ்சனி!" "இருக்கேன்!" பேர் வந்தவர் எழுந்து பதில் சொல்லி உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. அடுத்து யார் பேர் வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். லாரி டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்தான். இன்ஜினை அணைத்தான். ஜீப்பிலிருந்த அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், எங்கே கல் என்று தரையைக்கூடப் பார்த்தார். டோமினிக் வைத்த கல் அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் லாரி ரிவர்ஸ் எடுத்தது.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. நடுவில் பூமா, தலைமேல் குடை. ஓரத்தில், படம் வெட்டிய இடத்தில், ஒரு தூக்கிய கை.

"கைய மட்டும் போட்டிருக்கான் பாருங்க தோழர். தொண்டைய எங்க போட்டான்?"

"தொண்டையப் போட்டோ புடிக்க முடியாதுய்யா."

"அவங்க குரலும்தான் போட்டோவுல வராது. அவங்க முழுசா வந்திருக்காங்களே."

அதிகாரிகள் வந்தார்கள், கிணறுகளில் கயிறு விட்டுப் பார்த்தார்கள், போனார்கள். உத்தரவை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று ஒரு தாள் வந்தது. நிறுத்தி வைத்ததைத் திரும்ப எடுக்க எவ்வளவு நேரம்? அதனால் பந்தல் இன்னும் இருக்கிறது. மக்கள் போராட்டம் அமைதியாக இருக்க முடியுமா என்று கேட்டால் நான் இன்றைக்கும் நோட்டீஸ் மாதிரி பதில் சொல்லமாட்டேன். அன்றைக்கு ஒரு நாள் இருந்தது. இருந்ததும் தானாக இல்லை. கல்லை எறியச் சொல்லவேண்டிய வாய் பேரைச் சொன்னது. அடுத்த லாரிக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது.

இப்போது மணிக்கு ஒரு தரம் பேர் கூப்பிடுவது ரெஜிஸ்தான். பேர்களைக் கற்றுக்கொண்டான். ராத்திரி பட்டறையில் மெஷின் ஓடும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான் என்று டோமினிக் சொல்கிறான். எல்லாப் பேரையும் கூப்பிடுகிறான், ஒன்றைத் தவிர. போன வாரம் பூமாவே ஸ்டூலருகே வந்து கேட்டார்.

"ஏன் ரெஜிஸ், என் பேரை ஒரு நாளும் கூப்பிடமாட்டேங்கறேளே?"

"நீங்க இருக்கறது ஊருக்கே தெரியுது டீச்சர். அதை வேற நான் சொல்லணுமா?"

பூமா சிரித்தார். டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் மோர் எடுத்து அவனிடம் நீட்டினார். அக்னஸ் முன்வரிசையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ரெஜிஸ் வாங்கினான். ஒரே மூச்சில் குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான்.

"உப்பு கம்மி" என்றான்.